வாசிக்க ஓர் ஆள்

அத்தியாயம் பதினேழு

செவ்வாய்க்கிழமையிலிருந்து விநாயகம் தன் மனைவியோடு பேசவில்லை. ரேடியோவோடுதான் பேசினார்.

"இன்னிக்கு ஸ்கூலுக்கு நான் வண்டி ஓட்டுவேன். ஓட்டறதோட சரி. உள்ள என்ன நடந்தாலும் எனக்குச் சம்பந்தம் கிடையாது" என்று சனிக்கிழமை காலை அடுக்களை அலமாரியில் இருந்த ரேடியோவைப் பார்த்துச் சொன்னார். வானிலை சொல்லிக்கொண்டிருந்த பெண் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், தென்கிழக்குக் கரையோரம் காற்று பலமாக இருக்கும் என்றாள்.

"ரொம்ப நல்லது. டீ ஆறுதுன்னு அந்த ரேடியோவையே அவர்கிட்ட சொல்லச் சொல்லு" என்றாள் காமாட்சி, மகளிடம்.

பாரதி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அது மழையைப் பத்திப் பேசிட்டிருக்கும்மா. முடிஞ்சதும் சொல்லும்" என்றாள்.

தீவின் கடற்கரை ஊரான மாயெபூரில் ஜூலை குளிர்காலம். அந்தக் காலையில் கடல் காற்று ஜன்னல் கண்ணாடிகளைக் கடகடவென்று ஆட்டியது. வீட்டுக்குள் அடித்த காற்று அதைவிடக் குளிராக இருந்தது. காரணம், ஒரே ஒரு வார்த்தை.

பாரதி என்று வீட்டில் கூப்பிடப்படும் ஜெயபாரதி, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதவேண்டிய எச்.எஸ்.சி. பரீட்சையை இந்த வருஷக் கடைசியில் எழுதப் போகிறாள். காதால் கேட்ட எதையும் மறக்கமாட்டாள். பொருளாதாரத்தைப் பற்றிப் பேச விட்டால் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அச்சடித்த காகிதத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் நாலாவது கேள்வியில் இருக்கும்போது அவள் முதல் கேள்வியின் இரண்டாவது வரியில் இருப்பாள்.

காமாட்சி அவளை ரோஸ் ஹில்லுக்கு அழைத்துக்கொண்டு போனாள். வேலூரிலிருந்து வந்து அங்கே பிள்ளைகளைப் பரிசோதிக்கும் டாக்டர் சாந்தகுமாரி அம்மாள், அரை நாள் முழுக்க அட்டைகளையும் கட்டைகளையும் காட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுக்குப் புத்தியில ஒரு குறையும் இல்லை. இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேர். பரீட்சையில கூடுதல் நேரம் கேளுங்க. கேள்வியை வாசிச்சுக் காட்ட ஓர் ஆளும் கேளுங்க. கேட்டா கிடைக்கும்" என்று எழுதிக் கொடுத்தாள்.

"டிஸ்லெக்ஸியாவா? ஏதோ வடக்குக் கடற்கரையில புதுசா திறந்த ஓட்டல் பேர் மாதிரி இருக்கு" என்றார் விநாயகம். அவர் ஓர் ஓட்டலில் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். காமாட்சி சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரான ரெக்டரிடம் விண்ணப்பம் கேட்டுவிட்டு வந்ததாக அவள் சொன்னதும் அவர் சிரிப்பும் நின்றுபோயிற்று. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ரேடியோப் பேச்சு.

ரெக்டர் ஃபிலிப் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "பள்ளிக்கூடம் சிபாரிசு செய்யவேண்டுமென்றால் நான் கண்ணால் பார்க்கவேண்டும், மதாம். சனிக்கிழமை காலை போன வருஷத் தாளில் பாதியைக் கொடுக்கிறேன். வாசிக்க நீங்களே ஓர் ஆளைக் கூட்டி வாருங்கள். உறவாக இருக்கக்கூடாது. ஆசிரியராக இருக்கக்கூடாது."

அதற்கும் காமாட்சி ஏற்பாடு செய்திருந்தாள். ஸ்வெட்டர் தொழிற்சாலையில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் எவெலின், கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். மணியடித்தமாதிரி வாசிப்பாள். எட்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

எட்டு மணிக்கு எவெலின் வரவில்லை. எதிர்ச் சீனக் கடையிலிருந்து, போன் வந்திருப்பதாகக் கடைக்காரர் கூப்பிட்டார். காமாட்சி தெருவைத் தாண்டி ஓடினாள்.

"மதாம் காமாட்சி, என்னால வர முடியல. பிரான்ஸ் ஆர்டர் திங்கக்கிழமை கப்பல் ஏறணுமாம். எல்லாரையும் கூப்பிட்டுட்டாங்க" என்றாள் எவெலின். அவளுக்குப் பின்னால் பின்னல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"நம்ம லைனை வேற யாராவது பார்த்துக்கட்டுமே. உன்னை யாரு போட்டது?"

எவெலின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்கதான் மதாம். நேத்து லீவு எழுதிட்டுப் போகும்போது, அவசரம்னா எவெலினைக் கூப்பிடுங்கன்னு போர்டுல எழுதி வெச்சுட்டுப் போனீங்க."

காமாட்சி போனை வைத்தாள். நாற்பது பெண்கள் உட்காரும் வரிசையில் எவள் எங்கே தூங்குகிறாள் என்று முதுகைப் பார்த்தே சொல்லக்கூடியவள் அவள். தான் போட்ட கோட்டில் தானே தடுக்கி விழுந்தது அவளுக்கு மிகவும் புதிது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது விநாயகம் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணாடியிடம், "ஆள் இல்லைன்னா இன்னொரு நாள் பார்த்துக்கலாம். அவசரம் என்ன" என்றார். குரலில் இருந்த நிம்மதியை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

"திங்கக்கிழமை விண்ணப்பம் போயாகணும். இன்னொரு நாள்னு ஒண்ணு கிடையாது" என்றாள் காமாட்சி. "பாரதி, வண்டியில ஏறு. கோயிலுக்கு."

"சாமி கும்பிடவா?"

"சாமியைக் கூட்டிட்டுப் போக."

கோயிலில் மகாதேவன் குருக்கள் சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்றவந்த கூட்டத்தை அனுப்பிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். மாயவரத்திலிருந்து வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். ஊர்ப் பேச்சான கிரியோலில் மட்டும் ஒரு சொல்கூடத் தெரியாது. காமாட்சிக்கோ வீட்டிலும் வேலையிலும் கிரியோல்தான். தமிழ் என்பது கோயிலுக்கென்று எடுத்து உடுத்தும் பட்டுப்புடவை மாதிரி. மடிப்புக் கலையாமல் இருக்கும், ஆனால் கட்டிக்கொண்டு வேகமாக நடக்க முடியாது.

அவள் வழியெல்லாம் மனசுக்குள் கோர்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"சாமி, என் பொண்ணுக்கு வாசிக்க ஓர் ஆள் வேணும். இன்னிக்கே."

குருக்களின் முகம் மலர்ந்தது. "பேஷ், பேஷ். நல்ல சமாசாரம்தான். ஆனா இன்னிக்கு முகூர்த்த நாள் இல்லையேம்மா."

"நாள் ரெக்டர் குறிச்சாரு."

"யாரு, பிள்ளையோட தோப்பனாரா?"

தோப்பனார் என்றால் என்னவென்று காமாட்சிக்குத் தெரியவில்லை. பெரிய பதவி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "ஆமாங்க சாமி. அவர் ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும்."

"அது சரி, பிள்ளையாத்துக்காரா சொல்றதுதானே. ஆனா வாசிக்கறதுக்கு இந்த ஊர்ல நான் எங்கேம்மா போவேன்? காவடிக்கே கேசட்தான் போட்டோம்."

"கேசட் ஆகாது சாமி. ஆள்தான் வாசிக்கணும்னு சொல்லிட்டாங்க."

"எவ்வளவு நாழி?"

"இன்னிக்குப் பாதிதான். நிஜமா நடக்கும்போது மூணு மணி நேரம். அதுக்கு மேலயும் குடுப்பாங்களாம்."

"மூணு மணியா? மூச்சு நிக்குமா ஒருத்தனுக்கு?" குருக்கள் காபியைக் கீழே வைத்தார். "திருவாரூர்லேர்ந்து வரவழைச்சாலும் ரெண்டு பேரா மாத்தி மாத்தித்தான் ஊதணும்."

"ஊதக்கூடாது சாமி. அமைதியா இருக்கணும். பொண்ணு கேட்டா மட்டும்தான் திரும்ப வாசிக்கணும்."

குருக்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாலை மாற்றுகிற நேரத்தில் பெண்ணிடம் கேட்டுக்கேட்டு நாதஸ்வரம் வாசிக்கிற கல்யாணத்தை அவர் எங்கும் கண்டதில்லை. தூணுக்குப் பின்னால் பாரதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே முன்னால் வந்தாள்.

"பரீட்சை சாமி. கேள்வித்தாளை எனக்குப் படிச்சுக் காட்டணும். கல்யாணம் இல்லை."

"படிக்கணுமா? அதைச் சொல்லப்படாதோ?" குருக்கள் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "உச்சிகாலத்துக்குள்ள என்னைக் கொண்டுவந்து விட்டுடணும். கர்ப்பக்கிருகத்துச் சாவி என் இடுப்புல இருக்கு."

அவரை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு ஓட்டல் வேன் கிளம்பியது. வழியில் கரும்பு லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின் இருக்கையில் காமாட்சி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் லாரியைப் பார்ப்பதுமாக இருந்தாள். விநாயகம் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. அடிக்காததைக் காமாட்சி கணக்கில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ரெக்டர் ஃபிலிப் மெலிந்த, உயரமான மனிதர். சனிக்கிழமையிலும் டை கட்டியிருந்தார். வெற்றுடம்பில் அங்கவஸ்திரமும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்த குருக்களைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து, பிறகு கைகொடுத்தார். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தாளில் இருப்பதை மட்டும் வாசிக்கவேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது. கேட்டால் திரும்ப வாசிக்கலாம். விடை தெரிகிறமாதிரி குரலை ஏற்றி இறக்கக்கூடாது.

"குரலே ஏறாது, இறங்காது. கவலைப்படாதீங்கோ" என்று குருக்கள் இங்கிலீஷில் உறுதி கொடுத்தார்.

ஒரு வகுப்பறையில் பாரதி உட்கார்ந்தாள். எதிரே குருக்கள். மூலையில் ரெக்டர். காமாட்சி வெளியே, கண்ணாடிப் பட்டை ஜன்னலின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். விநாயகம் மைதானத்தின் மறுகோடியில் மாமரத்தடியில் நின்றார். தனக்கு இதில் சம்பந்தமில்லை என்பதை மரத்துக்குப் புரியவைத்துக்கொண்டிருந்தார் போலும்.

குருக்கள் கேள்வித்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

உச்சரிப்பில் ஒரு பழுது சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தம் என்பதே இல்லை. கேள்வி முடிந்த இடமும் விடைகள் தொடங்கும் இடமும் ஒரே மூச்சில், அர்ச்சனை நாமாவளி போல ஓடின. ஏ, பி, சி, டி என்ற நாலு எழுத்துகளும் நாலு நாமங்களாகி அதில் கரைந்துபோயின.

"திரும்ப ஒருமுறை, சாமி" என்றாள் பாரதி.

திரும்ப வாசித்தார். இந்த முறை இன்னும் பக்தியோடு, இன்னும் வேகமாக.

மூன்றாவது கேள்வி, தேயிலை விலை ஏறினால் காபிக்கான தேவை என்ன ஆகும் என்பது. அதை வாசித்து முடித்ததும் குருக்களால் பொறுக்க முடியவில்லை. "இந்தக் கேள்வியே தப்பு" என்றார் இங்கிலீஷில். "காபி சாப்பிடறவன் டீ விலையை எதுக்குப் பார்க்கறான்?"

"மிஸ்டர் மகாதேவன்" என்றார் ரெக்டர்.

"இல்லை, குழந்தை ஏமாந்துடக்கூடாதேன்னு சொன்னேன்."

"விளக்கம் கூடாது."

"இது விளக்கம் இல்லை. அனுபவம்."

ரெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே காமாட்சியும் பார்த்தாள். பாரதியின் விடைத்தாள் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிறவள், இப்போது காது மடல் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இதற்குத்தானா ஊரைக் கூட்டினோம் என்று காமாட்சிக்கு இருந்தது.

"என்ன சிரமம்?" என்று கேட்டார் ரெக்டர். கடுமையாகக் கேட்கவில்லை.

"சாமி எங்கயும் நிறுத்தறதில்லை மிஸ்யே. எது கேள்வி, எது விடைன்னே தெரியல. அப்பா வாசிக்கறமாதிரி வாசிச்சா எனக்குப் புரியும்."

"உன் அப்பா உனக்கு வாசிப்பாரா?"

"ரெண்டு வருஷமா வாசிக்கிறாரு. ஏர்போர்ட்ல பிளேன் லேட்டாகும்போதெல்லாம், வேன்ல வெச்சு. பொருளாதாரப் புத்தகம் முழுக்க ரெண்டு தடவை முடிச்சாச்சு. அவருக்கு ஒண்ணும் புரியாது. ஆனா வாசிப்பாரு."

காமாட்சி ஜன்னலை விட்டு விலகி மைதானத்தைப் பார்த்தாள். விநாயகம் மாமரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்ப ஜன்னல் இடுக்கில் வாயை வைத்து, "உன் சிநேகிதி நதின் வீட்டுல படிக்கறேன்னு என்கிட்ட சொன்னியே" என்றாள்.

"நதின் வீட்டுல நாய் குரைக்கும்மா" என்றாள் பாரதி.

ரெக்டர் எழுந்து வெளியே வந்தார். உறவினர் வாசிக்கக்கூடாது என்பது விதிதான், ஆனால் இது பரீட்சையில்லை, சோதனை ஓட்டம். கோளாறு பெண்ணிடமா, வாசிப்பிலா என்று தனக்குத் தெரியவேண்டும், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரைக் கூப்பிடுங்கள் என்றார்.

கூப்பிட்டால் வருவாரா? காமாட்சி மைதானத்தைக் கடந்து போனாள். கரும்பு லாரிக்காக எழுதி வைத்திருந்த கணக்கையெல்லாம் கொட்டிவிடலாம் என்றுதான் போனாள். பக்கத்தில் போனதும் வேறு வார்த்தைதான் வந்தது.

"உள்ள அவ தவிச்சுப்போறா. வாங்க."

விநாயகம் மரத்தை விட்டுவிட்டு அவள் கூட நடந்தார்.

அவர் தாளைக் கையில் வாங்கினார். கையைக் கொஞ்சம் தள்ளி நீட்டிப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அதே தேயிலைக் கேள்வியை, சுற்றுலாப் பயணிகளுக்கு இடது பக்கம் சிங்க மலையையும் வலது பக்கம் கடலையும் காட்டுகிற குரலில் வாசித்தார். அவருடைய இங்கிலீஷில் பாதி பிரெஞ்சு. சில சொற்களை அவர் உச்சரித்ததைக் கேட்டு ரெக்டரின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும், எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல நின்றார். 'ஏ' என்று சொல்லி நின்றார். 'பி' என்று சொல்லி நின்றார்.

"சி" என்றாள் பாரதி, அவர் 'டி'க்கு வருவதற்குள். "தேயிலை விலை ஏறினா சில பேர் காபிக்கு மாறுவாங்க. காபிக்குத் தேவை கூடும். சாமி மாற மாட்டாரு. அது வேற விஷயம்."

குருக்கள் அதை ஒப்புக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார்.

"நன்றி. நிறுத்திக்கொள்ளலாம்" என்றார் ரெக்டர். "மதாம்வசேல், உனக்குப் பாடம் தெரிகிறது. ஆனால் பரீட்சையில் உன் அப்பா வந்து வாசிக்க முடியாது. திங்கட்கிழமைக்குள் வேறு வாசிப்பாளரைப் பழக்கிக் காட்ட நாள் இல்லை."

பாரதி பென்சிலை உருட்டி ஓரமாகத் தள்ளினாள். "எனக்கு வாசிக்க ஆளே வேண்டாம் மிஸ்யே" என்றாள். "சத்தமா வாசிச்சுக்கிட்டா எனக்கே வரும். மெதுவாத்தான் வரும். மத்தவங்களோட உட்கார்ந்தா சத்தம் போட முடியாது. அதனாலதான் வாயை மூடிட்டுத் தோத்துப்போறேன். தனியா ஒரு அறை குடுங்க. நேரம் குடுங்க. போதும்."

"இதை ஏன் டாக்டர் அம்மாவிடம் சொல்லவில்லை?"

"அவங்க என்ன முடியலைன்னுதான் கேட்டாங்க."

ரெக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மீதிக் கேள்விகளை அவளிடமே விட்டார். தாழ்வாரத்துப் பெஞ்சில் குருக்களும் விநாயகமும் காமாட்சியும் வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பாரதியின் குரல் கேட்டது. ஒரு சொல்லில் தட்டி நிற்கும். பின்னால் போகும். திரும்ப வந்து, அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்து, பிடித்துக்கொண்டு மேலே போகும். விநாயகம் நிறுத்துகிற இடத்திலேயே அவளும் நிறுத்தினாள். அவர் தப்பாகச் சொல்கிற சொற்களை அவளும் அப்படியே தப்பாகச் சொன்னாள்.

காமாட்சி பக்கத்தில் பார்த்தாள். விநாயகத்தின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

வெயில் தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டது. குருக்கள் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார், தூங்கினார், விழித்துக்கொண்டு திரும்பவும் சாவியைத் தடவினார். கடைசியில் கதவு திறந்தது. ரெக்டர் விடைத்தாளைத் திருத்தி முடித்திருந்தார்.

"அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை" என்றார். "இரண்டு கேள்விகளைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். ஆனால் இது தேறுகிற பெண்ணின் தாள். நன்றாகவே தேறுகிற பெண். தனி அறை, கூடுதல் நேரம். இரண்டுக்கும் நான் சிபாரிசு எழுதுகிறேன்."

காமாட்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குருக்கள் தன்னால்தான் காரியம் கைகூடியது என்ற திருப்தியோடு வேனில் போய் ஏறிக்கொண்டார். மற்ற மூவரும் ரெக்டரின் அறைக்குப் போனார்கள். அவர் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, பேனாவை வழக்கப்படி விநாயகத்திடம் நீட்டினார்.

விநாயகம் பேனாவை வாங்கவில்லை.

"மிஸ்யே ரெக்டர், ஒண்ணு கேக்கணும். இந்தச் சலுகை குடுத்தது சர்டிபிகேட்டுல அச்சாகுமா?"

"எனக்குத் தெரியாது. இந்தப் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டுச் சொல்கிறேன்."

"அப்போ நீங்க கேட்டுச் சொன்னதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"அச்சடிச்சா அடிக்கட்டும்ப்பா" என்றாள் பாரதி. "அதை நான் மெதுவா படிச்சுக்கறேன்."

ஆனால் விநாயகம் மனைவி பக்கம் திரும்பினார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, நடுவில் ரேடியோ இல்லாமல் பேசினார். "ரெண்டு வருஷம் வேன்ல ஜன்னலை ஏத்திவிட்டு வாசிச்சேன் காமாட்சி. எதுக்கு? நம்ம பொண்ணுக்குப் படிக்க வராதுன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாதுன்னுதான். நீ என்னடான்னா அதுக்கு முத்திரை குத்தி வாங்கிட்டு வரணுங்கறே."

காமாட்சிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்த மனிதரும் நாமும் ஒரே பெண்ணைத்தான் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜன்னலை ஏத்திவிட்டு எத்தனை நாள் வாசிப்பீங்க? பல்கலைக்கழகத்துக்குள்ள வேனை ஓட்டிட்டுப் போவீங்களா?"

காமாட்சி ரெக்டரைப் பார்த்தாள். "மிஸ்யே, இங்க யாரோட கையெழுத்து வேணும்?"

"தாய் அல்லது தந்தை."

அந்த வீட்டில் மதிப்பெண் அட்டையிலிருந்து தண்ணீர் வரி வரை விநாயகம்தான் கையெழுத்துப் போடுவார். 'அல்லது' என்று ஒன்று இருப்பதை யாரும் இதுவரை கவனித்ததில்லை. காமாட்சி பேனாவை எடுத்து, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

விநாயகம் மேஜையருகே வந்து குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தேதி போடலை" என்றார்.

காமாட்சி தேதி போட்டாள். ரெக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னும் ஓர் இடம் பாக்கி. இந்தச் சிரமம் எந்த வயதில் முதலில் தெரியவந்தது?" என்று கேட்டார்.

"பதிமூணு வயசுல" என்றாள் காமாட்சி.

"ஆறு" என்றார் விநாயகம்.

பாரதியே அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கோயில்ல காவடிக்கு முந்தின நாள் இவளைப் பாட விட்டாங்க" என்றார் அவர், ரெக்டரிடம். "எங்க தமிழ்ப் பாட்டெல்லாம் பிரெஞ்சு எழுத்துல அச்சடிச்சு மடிச்ச தாள்ல இருக்கும். இவ தாளைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, விரலால ஒவ்வொரு வரியா தடவிக்கிட்டே, முருகன் பாட்டு அஞ்சையும் ஒரு தப்பில்லாம பாடினா. சின்னக் குழந்தை இவ்வளவு அழகா வாசிக்குதேன்னு எல்லாரும் கண்ணு கலங்கிட்டாங்க. நான் முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன். அவ கையில இருந்தது பாட்டுத்தாள் இல்லை. என் பையிலேர்ந்து எடுத்த ஓட்டல் மெனு. வறுத்த ஆட்டுக்கால், ஆக்டோபஸ் கறி, இறால். ஊரே விரதத்துல இருக்குது. இவ அதைத் தடவித்தடவி முருகனைக் கூப்பிட்டா."

ரெக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல வாயை மூடிக்கொண்டார். பாரதி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். காமாட்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நாளில் அவளும் அங்கேதான் இருந்தாள். பெண்கள் பக்கத்தில், எல்லாரையும்விடச் சத்தமாகப் பெருமைப்பட்டுக்கொண்டு.

"பாட்டு முடிஞ்சதும் நான் போய்த் தாளை வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டேன். யாரும் பார்க்கலை" என்று முடித்தார் விநாயகம்.

"என்கிட்டக்கூடச் சொல்லலையே."

"உன்கிட்ட சொன்னா மறுநாளே சரிபண்ண ஆரம்பிச்சிருப்பே. அவ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தா காமாட்சி."

காமாட்சி சரிபண்ணியிருப்பாள்தான். அது நல்லதாக இருந்திருக்குமா, கெடுதலாக இருந்திருக்குமா என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

ரெக்டர் 'ஆறு' என்று எழுதினார். மையை உலர விட்டுவிட்டு, உறைக்குள் தாளைப் போட்டார்.

"திங்கட்கிழமை இது போய்விடும். அநேகமாக வியாழக்கிழமை பரீட்சைக் குழுவிலிருந்து கூப்பிடுவார்கள். பெண்ணைப் பார்க்கமாட்டார்கள், அறிக்கை இருக்கிறது. பெற்றோர் இருவரையும்தான் விசாரிப்பார்கள். வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன செய்தீர்கள் என்று. பயப்படவேண்டாம், வழக்கமான கேள்விகள்தான். இருவரும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தனித்தனி அறையில் வைத்துக் கேட்பார்கள்."

"தனித்தனியாவா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.